கயிற்றின் நீளம்

ருஸ்தாவிச் சந்தையில் காலை ஒன்பதுக்கே
கண்ணாடிக்குக் கண்ணாடி தாவுகிறது வெயில்.
எங்கோ ஓர் அமெரிக்க ஊரில் இடித்து, நசுங்கி, ஏலம் போய்
கருங்கடல் தாண்டி வந்து
முகம் கழுவிப் பவுடர் பூசி நிற்கின்றன வண்டிகள்.

பணம் என் கோட்டின் உள்பையில்.
ஒத்தாரின் கையில் ஒரு கயிறு.
நேற்றிரவு தெக்லேயின் டபுள் பாஸைத்
தரையில் படுக்கவைத்து
தலைச்சுருளிலிருந்து அடிமுள் வரை அளந்து
முடிச்சுப் போட்டது.
ஆளை அளப்பதுபோல அளக்காதே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

நான் மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறவள்.
காகிதத்தில் இரண்டு பத்தி போட்டிருந்தேன்.
செடான்: பெட்ரோல் குறைவு, டயர் மலிவு,
பின்னால் ஒரு இடி, மறைக்காமல் சொன்னார்கள்.
எஸ்யூவி: விலை கூட. ஆனால்
தியானெத்திக்கு ஏறும் சாலையில்
மார்ச் மாதத்துச் சேறு எந்தப் பத்தியிலும் அடங்காது.

சிவப்பு எஸ்யூவியில் ஏறி உட்கார்ந்ததும்
ஒத்தாரின் குரலே மாறிவிட்டது.
பக்கத்துத் தெரு மனிதர்களின் பெயரையெல்லாம்
மேலிருந்து சொல்பவன்போல் சொன்னான்.
கயிறும் பொருந்தியது,
இரு முன்சீட்டுகளுக்கு நடுவே முடிச்சு எட்டிப் பார்க்க.
எனக்கும் அவளுக்கும் இடம் இருந்தது.
விற்பவர் குராம் எங்களுக்கு முன்பே
எங்களுக்காக மகிழ்ந்துவிட்டார்.

தெக்லேக்குச் சலிப்பு.
பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள்,
இழுத்தாள், இன்னும் இழுத்தாள்,
சுருளுக்குள் இனி ஒன்றுமில்லை என்னும்வரை.
கடைசி ஒரு முழத்தில்
பழுப்பாய் ஒரு கோடு.
விரலால் தேய்த்தாள். மாவுபோல் மண்.

காபி, என்றார் குராம்.

பெல்ட்டின் கடைசி முழத்தில் மட்டும்
யார் காபி குடிப்பார்கள்?
எலுமிச்சை வாசனை அட்டைக்கு அடியிலிருந்து
மெல்ல எழுந்தது இன்னொரு வாசனை.
எந்த ஊர், எந்த ஆறு,
நெஞ்சளவு வந்தபோது உள்ளே யாராவது இருந்தார்களா,
குராமுக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லவும் தோன்றவில்லை.
ஒத்தார்தான் இறங்க நேரமெடுத்தான்.
ஸ்டீயரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினான்.

செடானில் தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே
ஒரு சாண்கூட இல்லை.
முன்பெட்டிக்குள் கார் கழுவும் கூப்பன் ஒன்று,
பத்துக்கு ஒன்பது ஓட்டை போட்டது.
பத்தாவது இலவசம். பாவம், யாரோ.
நான்கு பெல்ட்டையும் நானே இழுத்துப் பார்த்தேன்.
சுத்தம்.

கயிறு மட்டும் முரண்டு பிடித்தது.
பின்சீட்டை மடக்கி, முன்சீட்டைச் சாய்த்து,
கடைசியில் என் தலை இருக்கவேண்டிய இடத்தில்
முடிச்சு வந்து நின்றது.
ஓட்டுபவர் ஒருவர், பின்னால் ஒடுங்கித் தெக்லே,
மீதியெல்லாம் பாஸ்.
"அம்மா எங்கே உட்காருவாள்?" என்றாள்.
இருவரும் கயிற்றையே பார்த்தார்கள்,
அது பதில் சொல்லும் என்பதுபோல.

செவ்வாயும் வெள்ளியும் திபிலிசிக்குப் போகும் பஸ்ஸில்
மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தோம்.
மூன்றாவது பாஸுக்கு.
டிரைவர் ஒருமுறை அதற்கு
குழந்தைக் கட்டணம் போட்டார்.
வகுப்பு முடியும்வரை நான் ஆற்றங்கரையில்
சூரியகாந்தி விதை கொறித்தபடி நடப்பேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.
காகிதத்தில் அதற்குப் பத்தி இல்லை.

கோட்டுப் பொத்தானைக் கழற்றிப் பணத்தை எண்ணினேன்.
இரண்டுமுறை எண்ணி
பதிவு ஜன்னலில் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது மூவரும் உட்கார்ந்து வந்தோம்.
என் மடியில் கயிறு.
மலைத்திருப்பத்தின் முதல் பள்ளத்திலேயே
அடிவயிறு உரசியது.
ஒன்று, என்றான் ஒத்தார்.
வீடு வருவதற்குள் பதினேழு.